அண்ணன் பேசிய பாதி

கிருபா அக்கா முதலில் சிரித்தார்.

மேல்விஷாரத்தில் ஒரு கல்லூரியின் நீண்ட கூடம். மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்து, என் வீட்டு மாடியிலிருந்து மினி லாரியில் வந்த பதினான்கு கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்திருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். டிபன் பாக்ஸ் கழுவிய ஈரக் கையோடு மாணவிகள் வந்து பச்சை எழுத்துத் திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கரண்ட் அடிக்கும்மா, கையத் தொடச்சிட்டு வா" என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டத்துக்குள் அக்கா, அங்கே படிக்கும் தன் அண்ணன் மகளின் கையைப் பிடித்தபடி வந்தார். ஆம்பூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார். ஐந்தாவது மேசைக்கு முன்னால் நின்றார்.

அந்த மேசையில், திரையும் பெட்டியும் ஒரே உடம்பாகச் செய்த ஒரு பழைய வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது அக்காவின் கணவர் பாக்கியநாதன் அண்ணனுடையது. அண்ணன் இறந்த பிறகு, "இது செத்துப்போச்சுக்கா, இனிமே ஓடாது" என்று சொல்லி நான் வாங்கிக்கொண்டது.

"தம்பி! ஓடுதே!" என்றார் அக்கா. முகமெல்லாம் சிரிப்பு. "சரி பண்ணிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா நீ? அவரு பேசுனதெல்லாம் வருதா? தொற, தொற, பாக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சந்தோஷப்பட்டுவிட்டார்.

"இது வேறக்கா" என்றேன். "அதே மாடல். சென்னைல ஒருத்தர்கிட்ட வாங்குனது."

ஒன்பது வாரமாக நல்லவன்

இந்தத் தொடரில் ஒன்பது வாரமாக நான் நல்லவனாகவே வந்துகொண்டிருக்கிறேன். கவனித்திருப்பீர்கள். கேசட்டில் புரோகிராம் ஏற்றும் கம்ப்யூட்டரை வாலாஜாபேட்டை பழைய இரும்புக் கடையில் தராசுத் தட்டிலிருந்து மீட்டேன். ஏலகிரியில் ஒரு லாட்ஜின் மாட்டுக்கொட்டகையில் கிடந்த பிரிண்டரைக் குழந்தையைப் போலத் தூக்கிவந்தேன். எல்லாக் கதையிலும் நான்தான் காப்பாற்றுகிறவன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. சம்பளம் அங்கே, உயிர் மாடி அறையில். மிதிவண்டி எடைக்கு இருக்கும் மடிக்கணினி முதல் போன மாதம் வந்த விரல் நீளக் கம்ப்யூட்டர் வரை அந்த அறையில் இருக்கிறது. "மூணு மாசமா மிக்சி ஓடல. அத ரிப்பேர் பண்ண வக்கில்ல, இதுல மியூசியம் வேற" என்பாள் என் மனைவி சுமதி. அவள் சொல்வதில் தப்பே இல்லை. மிக்சி இன்றைக்கும் ஓடவில்லை.

எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. எதைத் திறந்தாலும் உள்ளே தோல் தூசி. தோலைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது பறக்கிற மாவு அது. ஃபேன் இறக்கையில், பவர் சப்ளைக்குள், கீபோர்டு சந்துகளில் பழுப்பாகப் படிந்திருக்கும். பிளோயரை வைத்து ஊதினால் அறை முழுக்கப் புதுச்செருப்பு வாசனை. ஆம்பூர் கம்ப்யூட்டரா, வெளியூர்க் கம்ப்யூட்டரா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். இதைப் பெருமையாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் என் அறையின் படம் வந்தது. ராணிப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "கடைசி அலமாரியில் துண்டு போட்டு மூடியிருப்பது என்ன? அதைப் பற்றி எழுதவில்லையே?"

ஐயா, கண்ணு உங்களுக்கு. அந்த ஐந்தாவது மேசை மிஷின்தான் அது. எழுதுகிறேன்.

பேசுகிற மிஷின்

பாக்கியநாதன் அண்ணன் எங்கள் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர். தோலை விரித்து, டை என்கிற இரும்பு அச்சை வைத்து, பிரஸ்ஸை இறக்கி, ஷூவின் மேல்பாகமான அப்பரை வெட்டுகிற வேலை. இடது கையில் இரண்டு விரலுக்கு நுனி இல்லை. ஆனால் வாலிபத்தில் தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவர். அரசாங்க வேலை வரும் வரும் என்று காத்திருந்து, வராமல் கட்டிங்குக்கு வந்தவர்.

அந்தக் கம்ப்யூட்டர், ஷூ டிசைன் வரைய ஒரு வெளிநாட்டு டெக்னீசியனோடு எங்கள் கம்பெனிக்கு வந்தது. இந்தத் தோல் ஊர்கள் எல்லாவற்றிலும் அப்படி ஒன்றை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒருநாள் கம்பெனி பழைய சாமான்களைக் கழித்தபோது நான் ஒரு கல்யாணத்துக்காகத் திருத்தணி போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் அண்ணன் அதைக் கேட்டு வாங்கி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். "கை சும்மா நமநமன்னுது தம்பி. டைப் அடிக்கலாம்னு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்தே எரிந்தது.

பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷன். உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது. போனில் தட்டிப் பேசலாம் என்றால், காய்ப்பு ஏறிய அந்த விரலுக்குப் போனின் கண்ணாடித் திரை மசியவில்லை. கம்ப்யூட்டர் கீபோர்டு மசிந்தது. பழைய தமிழ் எழுத்துரு ஒன்றை நான்தான் போட்டுக் கொடுத்தேன், டைப்ரைட்டர் முறையிலேயே அடிக்கிற மாதிரி. மிஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணன் பேச ஆரம்பித்தார்.

பேச்சு இப்படி நடக்கும். அண்ணன் ஒரு வரி அடிப்பார். அக்கா அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்து, வாயால் பதில் சொல்வார். அண்ணன் அடுத்த வரி அடிப்பார். ஒரே கோப்பு, மூடவே மாட்டார். மாதக்கணக்கில் அது கீழே கீழே வளர்ந்துகொண்டே போனது. அண்ணன் பேசிய பாதி அதில் இருந்தது. அக்கா பேசிய பாதி காற்றில் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நலம் விசாரிக்கப் போவேன். "வா கம்ப்யூட்டர் தம்பி" என்று அடிப்பார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். உட்கார்ந்து என்ன செய்வேன் தெரியுமா? மிஷினின் முதுகைத் தடவுவேன். ஃபேன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பேன். ஒரு நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு அவருடைய கம்ப்யூட்டருக்கு நாடி பார்த்தேன். வெட்கக்கேடு.

பென்சில் ரப்பர்

அண்ணன் போய் ஏழெட்டு மாதம் இருக்கும், அக்கா கூப்பிட்டார். மிஷின் ஆன் ஆகவில்லை.

"டெய்லி ஒரு வாட்டி போட்டுப் பாப்பேன் தம்பி. அவரு பேசுனத வாசிப்பேன். முந்தாநேத்துலருந்து கறுப்பாவே நிக்குது. எனக்கு ஒரே பேஜாரா இருக்குது. மிஷின் போனாப் போவுது, உள்ள அவரு பேசுனது இருக்குது பாரு, அத மட்டும் எடுத்துக் குடுத்துடு."

"பாக்கறேன்கா."

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். வழக்கம்போல் தோல் தூசி. ரேம் கார்டைக் கழற்றி அதன் ஓரத்து உலோகப் பல்லைப் பென்சில் ரப்பரால் நாலு தேய் தேய்த்துத் திரும்பச் செருகினேன். ஓடியது. பத்து நிமிட வேலை. காபி ஆறவில்லை.

அந்தப் பத்தாவது நிமிடத்தில் போனை எடுத்து "அக்கா, ஆயிடுச்சு" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மிஷினை ஏற்றிப்போன ஆட்டோ, என் வயிற்றெரிச்சல், எல்லாம் ஞாபகம் வந்தது.

ஒரு வாரம் கழித்துப் போய், "போர்டு போச்சுக்கா. டிஸ்க்கும் செத்துப்போச்சு. ஒண்ணும் வரல" என்றேன். பதிலுக்கு ஒரு நல்ல லேப்டாப் கொடுத்தேன். அக்கா அதைத் தொடவில்லை. "ஒண்ணுமே வரலியா?" என்று இரண்டு தரம் கேட்டார். "ஒண்ணுமே வரல" என்று இரண்டு தரமும் சொன்னேன். அப்புறம், "நீ இன்னா பண்ணுவ பாவம்" என்று எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். நானும் குடித்தேன்.

முதல் நாள் மாதிரி

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிறவர்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பெட்டியிலிருந்து பிரித்த முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். நடுவில் யாரும் அதோடு வாழ்ந்த சுவடு இருக்கக் கூடாது.

கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்ளும் என் தோஸ்த் ஜாபர், "கண்காட்சி வைக்கலாம், நல்லதா எடுத்துட்டு வா" என்று சொன்னதும் எனக்குக் கிறுக்கு தலைக்கேறியது. அந்த மிஷின் மஞ்சள் பூத்துக் கிடந்தது. பெராக்சைடு கிரீமைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். நம் ஊர் வெயிலுக்கு ஒரே நாள் போதும். சாயங்காலம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கீபோர்டு ஓரத்தில் அண்ணனின் உள்ளங்கை பதிந்து பதிந்து ஏறியிருந்த கறுப்பும் போய்விட்டது. தேய்ந்த விசைகளைக் கழற்றிவிட்டு வேறு விசைகளை மாட்டினேன்.

கடைசியாக டிஸ்க். அண்ணனின் கோப்பு திரையின் நடுவிலேயே இருந்தது. திறந்தேன். எழுத்துரு எப்படியோ பழுதாகியிருந்தது போல. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கொத்துக் கொத்தாக நின்றது. பக்கம் பக்கமாக அதே கொத்து.

அதைக் குப்பை என்று நினைத்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. பழைய தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் இப்படித்தான் தெரியும் என்று எனக்குத் தெரியாதா? அந்த எழுத்துரு உள்ள சிடி, மூன்றாவது அலமாரியில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான்தானே அண்ணனுக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன்! எடுத்துப் போட்டால் வாசிக்க முடியும். வாசித்துவிட்டால் அது அக்காவுடையது ஆகிவிடும், மிஷினும் அதோடு போய்விடும். அவ்வளவுதான் கணக்கு.

எதைத் தொடுவதற்கு முன்னும் டிஸ்க்கை நகல் எடு என்பது எங்கள் ஆட்களின் முதல் பாடம். நான் எடுக்கவில்லை. ஃபார்மட் போட்டேன். முதல் நாள் மென்பொருளை ஏற்றினேன். கண்காட்சி அட்டையில் "முற்றிலும் தொடக்க நிலைக்கு மீட்கப்பட்டது" என்று என் கையால் எழுதி ஒட்டினேன்.

அடியில் நான்கு வட்டம்

அந்த அட்டையைத்தான் அக்கா இப்போது வாசித்துக்கொண்டிருந்தார்.

"வேறயா?" என்றார். "அதான் இவ்ளோ வெள்ளையா இருக்குதா."

சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. போகலாம் என்று திரும்பியவர், என்ன தோன்றியதோ, மேசை ஓரமாகக் குனிந்து மிஷினுக்கு அடியில் கையை விட்டார். தடவினார். ஒரு மூலை. இன்னொரு மூலை.

அடியில் இருந்த ரப்பர் கால்கள் விழுந்துவிட்டதால், சோல் தோலில் நான்கு வட்டம் வெட்டி, கம்பெனி பசை போட்டு ஒட்டியிருந்தார் அண்ணன். எனக்கு அது தெரியும். பொருத்தமான ரப்பர் கிடைக்காததால் அப்படியே விட்டிருந்தேன். அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அக்கா கையை எடுத்து, விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சென்னைல வாங்குனதா தம்பி?"

சுற்றிலும் மாணவிகள் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ, அவரு பேசுனது?"

"போச்சுக்கா."

"போச்சுன்னா? யாரு போக்குனது?"

என் கண் அந்த அட்டையின் மேல் போய் நின்றது. அக்காவின் கண்ணும் அதன் மேல் போனது. ஜாபர் இரண்டு கையிலும் டீயோடு வந்து, "யாரு, நம்ம அக்காவா? உக்காருங்கக்கா, டீ சாப்டுங்க" என்றான். அக்கா அவனுக்கு ஒரு கும்பிடு போட்டார். கூட வந்த தன் அண்ணன் மகளிடம், "வாம்மா, பஸ் போய்டும்" என்றார்.

நான் வாசல் வரை பின்னாலேயே ஓடினேன். "அக்கா, மிஷினைக் கொண்டாந்து வீட்ல வெச்சிடறேன்" என்றேன்.

"எதுக்கு? ஊமையா இருக்கற மிஷின வெச்சிக்கினு நான் இன்னா பண்ண?" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதினோரு வரி

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அந்த டிஸ்க்கோடு கழித்தேன். ஃபார்மட் போட்டாலும் மேலே எதுவும் எழுதப்படாத இடங்களில் பழையது கொஞ்சம் தங்கியிருக்கும். அங்கங்கே துழாவினேன். பெரும்பகுதியின் மேல் நான் ஏற்றிய மென்பொருள் உட்கார்ந்துவிட்டது. மாதக்கணக்கான பேச்சில் பதிமூன்று வரி கிடைத்தது. மூன்றாவது அலமாரியிலிருந்து அந்த சிடியை எடுத்துப் போட்டு வாசித்தேன்.

பதிமூன்றில் பதினொன்றை ஒரு தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு ரயில்வே லைன் ஓரம் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. தாளை நீட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே, சத்தமாக வாசித்தார்.

"மோர் குடு. புளிக்காதது."

வாசித்துவிட்டு நிமிராமலே சொன்னார்: "புளிக்கலைங்க. காலைல கலக்குனது தான்."

அக்கா அதை என்னிடம் சொல்லவில்லை.

"பாட்டு தப்பா பாடற. ரெண்டாவது அடி அது இல்ல."

"ஆமா, இவரு பெரிய பாகவதரு."

"நீ இன்னா சாப்ட்ட? பொய் சொல்லாத."

"சாப்ட்டேங்க. நெஜமா."

"கரண்ட் போச்சுன்னா நான் ஊமை."

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். பதினோரு வரியும் அப்படியே. முடிந்ததும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"இவ்ளோ தானா தம்பி?"

"இவ்ளோ தான்கா."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். தாளை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்தார். அந்த முறை டீ போடவில்லை.

சுமதி கேட்டது

விட்ட இரண்டு வரியும் என்னைப் பற்றியவை. அக்கா கையில் அதை எப்படிக் கொடுப்பது? ஏற்கெனவே திருடன், பொய்யன். இதையும் கொடுத்தால் அந்த வாசல் படியை நான் மிதிக்கவே முடியாது என்று நினைத்தேன். அக்காவுக்கு மனசு கஷ்டப்படும் என்று எனக்கே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் அந்த ராணிப்பேட்டை வாசகரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகச் சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் அந்த இரண்டு வரியைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வாசித்துவிட்டுக் கீரையைக் கீழே வைத்தாள்.

"அக்காவுக்குத் தெரிய வேணாம்னா இத எடுத்த?"

"ஆமா."

"அறிவு இருக்குதா உனக்கு? அண்ணன் இத யார்கிட்ட பேசுனாரு? அக்காகிட்ட தானே? அவங்க எப்பவோ படிச்சது தானே இது? அவரு போன பிறகும் டெய்லி எடுத்துப் படிச்சிக்கினு இருந்தாங்களே!"

இந்தச் சின்ன விஷயம் ஒரு வருஷமாக எனக்கு உறைக்கவே இல்லை.

"தெரிஞ்சே தான் மிஷின உங்கிட்ட குடுத்திருக்காங்க" என்றாள் சுமதி. "ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு பதில் இருக்குது பாரு. அத உனக்காகப் பேசியிருக்காங்க. தாளத் திருப்பிப் பாத்தாங்கன்னியே, இத நீ குடுக்கறியா இல்லியான்னு தான் பாத்தாங்க."

அதன் பிறகு அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அதுவும் சரிதான்.

கிருபா அக்கா இந்தப் பத்திரிகையை வாராவாரம் ஸ்டேஷன் எதிர்க் கடையில் வாங்குகிறவர். என் தொடரையும் வாசிக்கிறார் என்று அந்தக் கடைக்காரர் சொன்னார். ஒன்பது வாரமாக நான் நல்லவனாக வந்ததையும் வாசித்திருப்பார். நேரில் போய்ச் சொல்லத் துப்பில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

அக்கா, இவ்ளோ தானான்னு கேட்டீங்க. இன்னும் ரெண்டு வரி இருந்துச்சு. முதல் வரிக்கு நீங்க இன்னா பதில் சொன்னீங்கன்னு டிஸ்க்ல இல்ல. அண்ணன் அடிச்சது மட்டும் தான் இருக்குது.

"கம்ப்யூட்டர் தம்பி என்னப் பாக்க வரல, மிஷினப் பாக்க வர்றான். நான் போனதும் கேப்பான். குடுத்துடாத."

"சரி, சரி, கோவப்படாத. நீ சொன்னா சரி தான். நல்ல பையன் தான்."